பனி அறியாத மரங்கள்

போன்சாய் வளர்ப்பைச் சொல்லித்தரும் கையேடுகளில் பெரும்பாலும் ஓர் ஆண்டுக் கால அட்டவணை இருக்கும். மார்ச்சில் மொட்டு விரிவதற்குச் சற்று முன்பு தொட்டி மாற்ற வேண்டும், ஜூனில் இலை கிள்ள வேண்டும், அக்டோபரில் இலை நிறம் மாறியதும் தண்ணீரைக் குறைக்க வேண்டும், டிசம்பரில் உறைபனி தாக்காத இடத்துக்கு நகர்த்த வேண்டும். அந்த அட்டவணையில் பிழை ஏதும் இல்லை. ஜனவரிச் சராசரி வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் டோக்கியோ போன்ற ஊரில், பல தலைமுறைத் தோட்டக்காரர்கள் மரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தது அது. சென்னையின் ஜனவரிச் சராசரியோ 25 டிகிரியை ஒட்டியது. கையேட்டை நம்பி ஜப்பானிய மேப்பிளையோ வெள்ளைப் பைனையோ சமவெளிக்குக் கொண்டுவந்து, ஓரிரு கோடைக்குள் அது பட்டுப்போகக் கண்டவர்கள், போன்சாய் நம் ஊருக்கு ஒத்துவராத கலை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒத்துவராதது அட்டவணைதான். அது எந்த மரங்களின் உடலியலிலிருந்து பிறந்ததோ அந்த மரங்களுக்கு மட்டுமே உரியது. வெப்பமண்டல மரங்களின் உடலியலிலிருந்து தொடங்கினால், அதே கலையை வேறொரு நாட்காட்டியோடும், சில இடங்களில் கூடுதல் வசதியோடும் செய்ய முடியும்.

முதலில் குளிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மிதவெப்ப நாட்டு மரம் பகல் குறுகுவதை உணர்ந்ததும் இலையின் சத்தைத் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொண்டு, இலையை உதிர்த்து, மொட்டை மூடிக்கொள்கிறது. அப்படி மூடிய மொட்டு, இடையில் வெயில் அடித்துவிட்டது என்பதற்காகத் திறக்காது. பூச்சியத்துக்கும் ஏழு டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் பல நூறு மணி நேரம் கழிந்த பிறகே அதன் பூட்டு விலகும். நடுக்குளிர்காலத்தில் தப்பித்தவறி வரும் ஒரு வெதுவெதுப்பான வாரத்தை நம்பித் துளிர்த்து உறைபனியில் கருகிவிடாமல் இருக்க மரம் கண்ட வழி இது. இந்தக் கணக்கு நிறைவேறாத ஊரில் மேப்பிளின் மொட்டுகள் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் அரைகுறையாகத் திறக்கின்றன. சேமிப்பு தீர்கிறது, மீண்டும் சேர்க்க ஓய்வு கிடைப்பதில்லை. மார்ச்சில் தொட்டி மாற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான். இலை இல்லாததால் நீர் இழப்பு இல்லை; சேமிப்பு முழுதும் உள்ளே இருக்கிறது; வேரை வெட்டினாலும் அடுத்த சில வாரங்களில் வரும் வசந்தம் ஈடுசெய்துவிடும். இந்த மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து அமையும் வேளையைத்தான் மார்ச் என்ற பெயர் குறிக்கிறது. நம் ஊரில் அந்த வேளை எது என்று மரத்திடம்தான் கேட்க வேண்டும்.

வெப்பமண்டல மரத்துக்குப் பருவமே கிடையாது, ஆண்டு முழுதும் ஒரே வளர்ச்சிதான் என்று சொல்வதுண்டு. நம் தெருவோர அரசமரமே இதை மறுக்கும். மாசி, பங்குனியில், மழைக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கையில், அது பழைய இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறக் கொழுந்துகளை விடுகிறது. மண் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் துளிர்ப்பது விந்தையாகத் தோன்றலாம். கோஸ்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் இந்தப் புதிரை ஆராய்ந்த ரால்ஃப் போர்ச்சர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், பல மரங்கள் மழைக்குக் காத்திராமல், பகல் நீள்வதை உணர்ந்தே துளிர்க்கின்றன என்று 2002இல் காட்டினார்கள். அரை மணி நேரமோ அதற்கும் குறைவோ பகல் நீண்டால் போதும். டோக்கியோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு. சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான். நமக்குத் தெரியாத அந்தச் சிறு மாற்றத்தை மரம் கவனித்துக்கொண்டிருக்கிறது. தொட்டியில் வளர்ப்பவரும் கவனிக்கலாம், அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆல், அரசு, இச்சி வகைகளின் கிளை நுனியில் மொட்டைச் சுற்றி ஓர் உறை, கூம்பு போலக் கூர்மையாக இருக்கும். மரம் உறங்கும்போது அது இறுகி, மெலிந்து, மங்கிய நிறத்தில் இருக்கும். வளர்ச்சி தொடங்கும் முன் அடிப்பகுதி உப்பும், நிறம் வெளிறும் அல்லது சிவக்கும், ஒரு பக்கம் மெல்லிய கீறல் விழும். பிறகு உறை கழன்று விழுந்து, தண்டைச் சுற்றி ஒரு வளையத் தழும்பை விட்டுச் செல்லும். உறை உப்பும் அந்தச் சில நாட்கள்தான் நம் ஊர் மார்ச். அது ஆண்டில் ஒரு முறை மட்டும் வருவதும் இல்லை.

அதற்காக எந்த மாதத்திலும் வேரை வெட்டலாம் என்று சொல்லவில்லை. வட தமிழகக் கடலோரச் சமவெளியை எடுத்துக்கொண்டால், கத்திரி வெயிலில் வெட்டிய வேர் இலையின் தாகத்துக்கு ஈடுகொடுக்காது. ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையில் வெட்டுவாய் அழுகும். வெயில் தணிந்து, அவ்வப்போது மாலை மழை பெய்து, இன்னும் பல வாரங்கள் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும் ஆடி, ஆவணிதான் பெரும்பாலான மரங்களுக்கு ஏற்ற காலம். விவசாயி ஆடிப்பட்டம் பார்ப்பதும் இதே கணக்கில்தான்.

போன்சாய் குளிர்நாட்டில் பிறந்ததுதானே, அதன் வேரை விட்டு விலகலாமா என்பது அடுத்த கேள்வி. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தட்டில் சிறு மரமும் கல்லும் அமைக்கும் வழக்கம் சீனாவினுடையது. 706இல் கட்டப்பட்ட டாங் மரபு இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்தில், பணியாளர்கள் அத்தகைய தட்டுகளை ஏந்திவருவதைக் காணலாம். அங்கிருந்து பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போய் அது தனி மரபாயிற்று. ஆனால் சீனாவுக்குள்ளேயே தெற்கில் லிங்னான் என்ற இன்னொரு மரபு உண்டு. அதன் மையமான குவாங்சோ நகரம் கடகரேகைக்குச் சற்றே தெற்கில், அதாவது வெப்பமண்டலத்துக்குள் இருக்கிறது. அங்குள்ள கலைஞர்கள் கம்பியால் வளைப்பதைவிட வெட்டி வளர்ப்பதையே தங்கள் முறையாகக் கொண்டார்கள். ஒரு கிளையை வேண்டிய பருமன் வரும்வரை ஓடவிட்டு, பிறகு குட்டையாக வெட்டி, வெட்டுவாய்க்குக் கீழே துளிர்க்கும் மொட்டுகளில் வேண்டிய திசையில் போகும் ஒன்றை மட்டும் வைத்து, அதையும் ஓடவிட்டு வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டிலும் கிளை திசை மாறும், ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட மெலியும். கம்பியால் எளிதில் செய்ய முடியாத கோணங்களும் முறுக்கும் இப்படித்தான் கிடைக்கின்றன. வேகமாக வளரும் மரமும் நீண்ட வளர்பருவமும் இருந்தால்தான் இந்த முறை ஒருவரின் ஆயுளுக்குள் பலன் தரும். தாய்லாந்திலும் பழைய மரபு ஒன்று உண்டு. பாங்காக் அரண்மனை வளாகத்தில் தட்டுத் தட்டாகக் கத்தரித்து நிறுத்தப்பட்டிருக்கும் மரங்கள் அங்கே ‘கோய்’ எனப்படுபவை. நாம் பராய் என்றும் பிராய் என்றும் சொல்லும் அதே மரம்தான் அது. திருச்சிக்கு அருகில் திருப்பராய்த்துறையில் அதுதான் தலமரம், ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்ததே.

வெட்டி வளர்க்கும் முறை ஏன் வேலை செய்கிறது? 1920களின் பிற்பகுதியில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சு அறிஞர், ஓட்ஸ் நாற்றின் நுனியில் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஆக்சின் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.  1933இல் திமான், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மொச்சை வகைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவினார்கள். நுனி போனதும் துளிர்த்திருக்க வேண்டிய பக்க மொட்டுகள் துளிர்க்கவில்லை. நுனி தன் கீழுள்ள மொட்டுகளை அடக்கிவைக்கிறது என்பது இதிலிருந்து உறுதியாயிற்று. 2014இல் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் இன்னொன்றைக் கண்டார்கள். நுனி வெட்டப்பட்டதும் பக்க மொட்டை முதலில் எழுப்புவது, அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை இப்போது மொட்டுக்குக் கிடைப்பதே. ஆக்சின் குறைவது அதற்குப் பின்னால்தான் வருகிறது. கத்தரிக்கோல் எடுப்பவருக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. வெயிலில் நின்று, உரம் உண்டு, சர்க்கரை நிறைந்திருக்கும் மரத்தை வெட்டினால் பத்து இடத்தில் துளிர்க்கும். நிழலில் வாடும் மரத்தை வெட்டினால் ஒரு கிளை காயும். மர இனமும் முக்கியம். பைன் மரம் ஊசியிலை இல்லாத மொட்டைக் கிளையில் பெரும்பாலும் துளிர்க்காது. ஜப்பானிய முறையின் பொறுமையான நுணுக்கங்கள் பலவும், இருக்கும் ஊசியிலைகளை இழந்துவிடாமல் காப்பதற்காகவே உருவானவை. இச்சியோ புளியோ அப்படியில்லை. வெறும் அடிமரமாக வெட்டிவிட்டாலும் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் எழும். பைனில் ஒரு தவறைத் திருத்தவே முடியாமல் போகலாம். ஆலில் இரண்டு பருவத்தில் திருத்திவிடலாம்.

கம்பி கட்டுவதும் இதே தர்க்கத்தில் மாறுகிறது. வளைத்த கிளை வளைந்த நிலையிலேயே நிற்பதற்குக் காரணம் கம்பி அல்ல. கம்பி பிடித்துக்கொண்டிருக்கும்போது கிளை தன்மேல் புதிய மரப்படலத்தைப் படியவைக்கிறது, அந்தப் புதிய மரம்தான் வடிவத்தைப் பூட்டுகிறது. குளிரில் உறங்கும் மரத்தில் இந்தப் படிவு மாதக்கணக்கில் நின்றுபோகும். வெப்பத்தில் தொடர்வதால் இச்சியின் கிளை சில வாரங்களிலேயே வடிவம் பிடிக்கும். அதே வேகத்தில் கம்பி பட்டையைக் கடித்து, ஆண்டுக்கணக்கில் மறையாத தழும்பையும் விடும். கையேட்டில் ஆறு மாதம் என்று போட்டிருந்தால் இங்கே மூன்றாம் வாரத்திலிருந்தே தினமும் பார்க்க வேண்டும். ஆலின் விழுதுகளுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். தொங்கும் விழுது மண்ணைத் தொட்டு வேரூன்றியதும், அதில் இழுவிசை மரம் என்ற சிறப்புத் திசு உருவாகி, விழுது சுருங்கி விறைப்பாகிறது. 1968இல் வெள்ளால் வகையொன்றில் இதை அளந்து காட்டினார்கள். கொக்கி போல வளைந்து மண்ணில் இறங்கிய விழுது, கட்டிய கயிறு போல நேராக நிமிர்வதைத் தொட்டியிலேயே காணலாம். பைனுக்கோ மேப்பிளுக்கோ இல்லாத ஓர் அங்கம் இது. ஆலை ஜப்பானியப் பைன் போல ஒற்றைத் தண்டு முக்கோணமாக வடிப்பதற்கு இதனால்தான் நான் உடன்படவில்லை. பிரான்சிஸ் ஆலே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், வெப்பமண்டல மரங்களின் கிளைப்பு முறைகளை ஆராய்ந்து, அத்தனை வகை வடிவங்களையும் இருபத்து மூன்று அடிப்படை மாதிரிகளுக்குள் அடக்கிவிடலாம் என்று தம் சகாக்களுடன் 1978இல் வெளிவந்த நூலில் காட்டினார். ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு வரைபடத்தோடு வருகிறது. அதைக் கற்றுக்கொண்டு, அதன் வழியிலேயே சுருக்குவதுதான் கலை.

வெப்பமண்டல மரங்களுக்கு இலை பெரிது, சிறு மரத்தில் பெரிய இலை பொருந்தாது என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல வெயிலில், கிளைகள் நெருங்கிப் பிரிந்து, இறுகிய வேரோடு வளரும் மரத்தில் இலை சிறுக்கும். வலுவான இச்சியில் இலைகளை முழுதும் கிள்ளிவிட்டால் அடுத்த துளிர்ப்பில் இன்னும் சிறுக்கும். ஆனால் அரச இலை எவ்வளவு சிறுத்தாலும் அரச இலைதான், கைக்கடக்கமான மரத்துக்கு அது ஒத்துவராது. பூவும் காயும் இலையளவுக்குச் சுருங்குவதே இல்லை. ஆகவே இனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. புளிக்கு இயல்பிலேயே பத்துக்கும் மேற்பட்ட இணைகளாகச் சிற்றிலைகள் உண்டு, அவை இரவில் மடங்கும், பட்டை இளமையிலேயே வெடித்து முதுமைத் தோற்றம் தரும். உலகச் சந்தையில் ‘ஃபுகியன் டீ’ என்ற பெயரில் விற்கப்படும் சிறிய இலைச் செடி, சீனப் பெயரைச் சுமந்துகொண்டிருந்தாலும், நம் புதர்க்காடுகளில் குரங்கு வெற்றிலை என்ற பெயரில் தானே முளைத்துக் கிடப்பது. பைனின் சாயலை விட முடியாதவர்களுக்குச் சவுக்கு இருக்கிறது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அதை அருமையாக வடிக்கிறார்கள். சவுக்கின் ஊசி இலையே அல்ல. அது கணுக் கணுவான பச்சைச் சிறுகிளை, உண்மை இலைகள் ஒவ்வொரு கணுவிலும் செதில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கணுவை இழுத்துப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தால், அந்தச் செதில்கள் கிரீடத்தின் பற்கள் போல வட்டமாக நிற்பது தெரியும்.

நம் ஊரில் மரங்கள் அதிகம் சாவது வெயிலால் என்று நினைக்கிறோம். தட்டையான தொட்டியில் தேங்கும் நீராலும் அதே அளவுக்குச் சாகின்றன. பாத்திரம் துலக்கும் தடித்த ஸ்பாஞ்ச் ஒன்றை நீரில் நனைத்துப் படுக்கைவசமாகப் பிடித்து, சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மீண்டும் கொட்டும். நீர் கூடவில்லை, ஸ்பாஞ்சும் மாறவில்லை, உயரம் மட்டுமே கூடியது. நுண்துளைகளில் நீர் ஒட்டிப்பிடித்து நிற்கும் அடிப்படலத்தின் உயரம் துளையின் அளவைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. பத்து அங்குல ஆழத் தொட்டியில் அடியில் ஓரிரு அங்குலம் சதுப்பாக இருந்தால் மேலே வேருக்கு நிறைய இடம் இருக்கும். இரண்டு அங்குலத் தட்டில் அதே மண்ணைப் போட்டால் வேர் முழுதும் சதுப்பில்தான். வடிகால் துளையைப் பெரிதாக்கினாலும், அடியில் சரளை பரப்பினாலும் இது தீராது, துகள்தான் பருமனாக வேண்டும். ஜப்பானியர் இதற்காகத் தங்கள் நாட்டு எரிமலைக் களிமண்ணான அகடாமாவைச் சலித்துப் பயன்படுத்துகிறார்கள். அதை விலைகொடுத்து வரவழைக்க வேண்டியதில்லை. நன்கு வெந்த செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்து நீக்கி, மிளகிலிருந்து பட்டாணி அளவு வரையுள்ள துகள்களை எடுத்து, மக்கிய இலையுரத்தோடு கலந்தால் அந்த வேலையைச் செய்யும். அப்படிப்பட்ட கலவை சித்திரையில் ஒரே நாளில் காய்ந்துவிடுமே என்றால், காயும்தான். அதற்காகக் காலையும் மாலையும் ஊற்றுவதே சரியான விலை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண்ணைப் போட்டு ஒரு வேளை மிச்சப்படுத்தினால் கார்த்திகையில் மரத்தையே இழக்க நேரும். மொட்டைமாடித் தரையின் சூடு தொட்டிக்கு ஏறாமல் பலகை மேல் வைப்பதும், பகல் உச்சியில் தொட்டியின் பக்கவாட்டை மட்டும் நனைத்த சாக்கால் மூடுவதும் நல்லது. வேர்மண்டலம் 40 டிகிரியைத் தாண்டினால் வேர்நுனிகள் கருகத் தொடங்கும். இலைக்கு வெயில் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம்.

இதெல்லாம் மரத்தைப் பட்டினிபோட்டுச் சித்திரவதை செய்வதல்லவா என்று மனம் நொந்து கேட்பவர்கள் உண்டு. வளர்ச்சி குன்றிய மரம் வீட்டிலிருந்தால் வீட்டின் வளர்ச்சியும் குன்றும் என்ற நம்பிக்கைக்கும் அடியில் இருப்பது இதே எண்ணம்தான். கேள்வியின் கருணையை நான் மதிக்கிறேன், ஆனால் அதன் ஊகம் தவறு. தொட்டி வளர்ச்சியைக் குறைக்கிறது என்பது உண்மை. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் போர்ட்டர் குழுவினர் வெளியிட்ட கணக்கின்படி, தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது. ஆனால் வளர்ச்சி மட்டுப்படுவது வேறு, நலிவது வேறு. பட்டினி கிடக்கும் மரம் நெருக்கமாகக் கிளைக்காது, வெட்டினால் துளிர்க்காது. சர்க்கரையும் மொட்டும் பற்றி மேலே சொன்னதே இதற்குச் சான்று. நல்ல போன்சாய் நன்றாக உண்ணும் மரம். 1625இலிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டு, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா அணுகுண்டிலிருந்து தப்பி, 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாக அனுப்பப்பட்ட யமாக்கி குடும்பத்தின் வெள்ளைப் பைன் இன்றும் வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்தில் பசுமையாக நிற்கிறது. வதைபட்ட உயிர் நானூறு ஆண்டு நிற்காது. கோபுரச் சுதையின் வெடிப்பில் பறவை எச்சத்தால் முளைத்து, கைப்பிடி மண்ணில் பல ஆண்டு வாழும் அரசங்கன்றும் இயற்கையே வடித்த போன்சாய்தான், அதற்குத் தண்ணீர் ஊற்றக்கூட யாரும் இல்லை. உண்மையான கொடுமை வேறொன்று: வீட்டு வரவேற்பறை மேசையில் அலங்காரமாக வைப்பது. வெளியே நண்பகல் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கையில், அறையின் நடுவே சில நூறு லக்ஸ்தான். அங்கே மரம் மெல்ல மெல்லப் பட்டினியால்தான் சாகிறது.

இந்தக் கலைமேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எனக்குப் பதில் இல்லாதது ஒன்று, காட்டு மரத்தைத் தோண்டி எடுப்பது. இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் கடற்கரைப் பாறைகளில் காற்றும் உப்பும் முறுக்கி வளர்த்த பெம்ஃபிஸ் மரங்களை போன்சாய்க்காகவே பெயர்த்தெடுக்கிறார்கள். அந்த இனம் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு. பல பத்தாண்டுகளில் அந்தப் பருமனை எட்டிய மரம் ஒரு பிற்பகலில் கரையை விட்டுப் போகிறது, எடுத்தவற்றில் பல பிழைப்பதும் இல்லை. இதற்கு நியாயம் சொல்லத் தேவையே எழாத இடம் வெப்பமண்டலம். வேகமாக வளரும் இனங்களில் பழைய அடிமரத்தைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சாலையோர ஆலமரங்கள் பலவற்றை நம் முன்னோர் நட்டது விதையிலிருந்து அல்ல, போத்திலிருந்து. சாலை விரிவாக்கத்துக்கோ மின்கம்பிக்காகவோ வெட்டிப்போடும் கிளைகளில் கை பருமனுள்ள, இயல்பாகவே வளைந்த போத்து ஒன்றை முழ நீளத்துக்கு எடுத்து, அடிமுனை எது, மேல்முனை எது என்று குறித்துக்கொண்டு, பால் வடிந்து உலர ஒரு நாள் நிழலில் கிடத்த வேண்டும். அடிமுனையைக் கூரிய கத்தியால் சமமாகச் சீவி, மேல்முனையில் சாணம் அப்பி, ஆடியில் ஆழமான தொட்டியிலோ தரையிலோ நட்டு, அசையாமல் முட்டுக் கொடுத்துக் கட்ட வேண்டும். முதலில் வரும் துளிர் போத்துக்குள் இருந்த சேமிப்பால் வருவது, வேர் பிடித்துவிட்டதாக அதைப் பார்த்து எண்ணக் கூடாது. இரண்டாம் முறை உறை உப்பித் துளிர்க்கும்வரை தொடாமல் விட்டு, முழு ஆண்டு ஓடவிட்ட பிறகே முதல் வெட்டு. தட்டுத் தொட்டி அதற்கும் பிறகுதான்.